மெஸ் பில்லும் மினி டிராஃப்டரும்: வீடியோ கேம் சந்தாக்களின் நாற்பது ஆண்டுக் கணக்கு



மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "டேய், டெக்னிக்கலா ஏதாவது எழுது. ஆனா புரியற மாதிரி எழுது. கொஞ்சம் ஹிஸ்டரியும் இருக்கட்டும்" என்றார். இந்த மூன்றையும் ஒரே கட்டுரையில் அடைப்பது ஒரே நாளில் மூன்று அரியர் எழுதுவதைப் போன்றது. யோசித்துவிட்டு, "வீடியோ கேம் பத்தி எழுதட்டுமாண்ணா?" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். "உனக்கு முப்பத்தாறு வயசாச்சுடா" என்றார். அதனால்தான் எழுதுகிறேன் அண்ணா. இருபது வயதில் ஆடத்தான் தெரியும். கணக்குப் பார்க்கும் புத்தி முப்பதுக்கு மேல்தான் வருகிறது.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கேம் சந்தா சேவையில் சேர்ந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மாதாமாதம் பணம் கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் ஏழு வயது மகளும் ஒரு கேமை ஆடிக்கொண்டு வந்தோம். காட்டில் வழி தவறிய ஒரு குட்டி மிருகம் வீடு திரும்பும் கதை. பாதிக் காட்டைத் தாண்டிவிட்டோம். ஒரு ஞாயிறு டிவியைப் போட்டால் அந்தக் கேம் படத்தின் மேல் ஒரு பூட்டு! பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாமாம்.

"அப்பா, நாமதான் மாசாமாசம் காசு கட்டறோமே?" என்று கேட்டாள் மகள்.

பொறியியல் படித்தவன், பதினைந்து வருஷமாக வேலையில் இருப்பவன், எனக்கு உடனே பதில் வரவில்லை. சந்தா கட்டுவது ஆடுகிறவனுக்கு லாபமா, நஷ்டமா? இந்தக் கேள்வி 1981-லிருந்தே இருக்கிறது என்பது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் விடுதிக் கணக்கு

விடுதியில் இருந்தவர்களுக்கு டிவைடிங் சிஸ்டத்தை விளக்க வேண்டியதில்லை. டே ஸ்காலர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் முழுக்க மெஸ்ஸில் ஆன செலவைக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பில் போடுவார்கள். எட்டு தோசை சாப்பிட்டவனுக்கும், ஒரு தோசையைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்து போனவனுக்கும் ஒரே பில். எட்டு தோசைக்காரன் இந்த முறையின் தீவிர ஆதரவாளனாக இருந்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மெஸ் ரிடக்ஷன் உண்டு. மறந்து பஸ் ஏறிவிட்டால் சாப்பிடாத சோற்றுக்கும் பணம் கட்ட வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம் மினி டிராஃப்டர். முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்காக என் கைக்கு வந்த டிராஃப்டரில் ஏற்கெனவே மூன்று சீனியர்களின் பெயர் சுரண்டப்பட்டிருந்தது. நான்காவதாக என் பெயரைச் சுரண்டி, வருஷ முடிவில் ஒரு ஜூனியருக்குக் கொடுத்தேன். யாரோ ஒருவர் ஒருமுறை காசு கொடுத்து வாங்கியது, பேட்ச் பேட்சாகக் கைமாறிப் போனது.

மெஸ்ஸில் சாப்பிட்டது வயிற்றோடு சரி. அதற்காக மெஸ் ஏமாற்று வேலை என்று யாரும் சொல்ல மாட்டோம். சாப்பாட்டுக்கு மெஸ், படம் வரைய டிராஃப்டர். இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் வம்பு. வீடியோ கேம் உலகம் நாற்பது வருஷமாக இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது.

கேபிளிலும் டெலிபோனிலும் வந்த ஆட்டம்

அமெரிக்காவில் மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனி (பார்பி பொம்மை செய்பவர்கள்தான்) இன்டெலிவிஷன் என்ற விளையாட்டுக் கருவியை விற்றுக்கொண்டிருந்தது. கார்ட்ரிட்ஜ் எனப்படும் டப்பா ஒன்றுக்கு ஒரு கேம். டப்பாவைச் செருகி ஆட வேண்டும். 1981-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியோடு சேர்ந்து பிளேகேபிள் என்ற சேவையைத் தொடங்கினார்கள். கேபிள் டிவி ஒயர் வழியாகவே கேம் வரும். மாதச் சந்தா கட்டினால், மாதாமாதம் மாறும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து ஆடலாம். இன்றைய சந்தா சேவைகளின் இலக்கணம் முழுவதும் அதிலேயே இருந்தது என்றால் மிகையாகாது.

அது ஏன் நிலைக்கவில்லை? வீட்டில் வைத்த அடாப்டரில் நினைவகம் குறைவு. நாளாக ஆக கேம்கள் பெரிதாயின. பெரிய கேம்கள் அந்த அடாப்டருக்குள் அடங்கவில்லை. சந்தாதாரருக்குப் பழையதும் சின்னதும்தான் கிடைத்தது. புதியது வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். 1983-இல் சேவை நின்றது.

அதே 1983-இல் வில்லியம் வான் மைஸ்டர் என்பவரின் கன்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷன் கேம்லைன் என்ற சேவையைக் கொண்டுவந்தது. அட்டாரி 2600 கருவியில் ஒரு பெரிய கார்ட்ரிட்ஜைச் செருகி, அதில் டெலிபோன் ஒயரை மாட்ட வேண்டும். போன் வழியாகக் கேம் இறங்கும். ஆனால் சில ஆட்டங்களுக்குத்தான் அது உயிரோடு இருக்கும். பிறகு மறுபடி காசு. பெரிய தயாரிப்பாளர்களான அட்டாரியும் ஆக்டிவிஷனும் தங்கள் கேம்களைத் தரவில்லை. நல்ல சமையல்காரர் வராத மெஸ்! அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரமே குப்புற விழுந்தது. 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த சந்தை, 1985-இல் சுமார் 10 கோடி டாலருக்கு வந்துவிட்டது. கேம்லைனும் போயிற்று.

ஒரு சுவையான செய்தி. கேம்லைனின் மிச்சத்திலிருந்து 1985-இல் குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற கம்பெனி பிறந்தது. 1991-இல் அது அமெரிக்கா ஆன்லைன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோடிக்கணக்கான அமெரிக்கர்களை டெலிபோன் வழியாக இன்டர்நெட்டுக்கு இழுத்து வந்த அதே ஏ.ஓ.எல்.தான்! கேமை போனில் அனுப்பத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் அனுப்புவதா கஷ்டம்?

சேகா சேனல்

அடுத்த முயற்சிக்கு வருவதற்கு முன் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1990-இல் அமெரிக்கா கம்ப்யூட்டர் மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடை செய்தது. ஆனால் கன்சோல் கேம்களுக்கு விலக்கு அளித்தது. ஆகவே வீடியோ கேசட் கடைகளில் கேம் கார்ட்ரிட்ஜ்களும் வாடகைக்குக் கிடைத்தன. நம் ஊர் லெண்டிங் லைப்ரரி மாதிரி எடுத்து, ஆடி, திருப்பிக் கொடுத்தார்கள் அமெரிக்கப் பிள்ளைகள். வாங்குவதற்கும் சந்தாவுக்கும் நடுவில் இப்படி ஒரு மூன்றாவது வழியும் இருந்தது.

இந்தச் சூழ்நிலையில் 1994 டிசம்பரில் சேகா கம்பெனி, டி.சி.ஐ., டைம் வார்னர் ஆகிய கேபிள் நிறுவனங்களோடு சேர்ந்து சேகா சேனலைத் தொடங்கியது. மாதம் பொதுவாக 14.95 டாலர். இணைப்புக் கட்டணம் 25 டாலர். ஜெனிசிஸ் கன்சோலில் (நாம் மெகா டிரைவ் என்று கேள்விப்பட்டது) அடாப்டரைச் செருகினால் ஒரு மாதத்தில் 50 கேம்கள் வரை.

எலக்ட்ரானிக்ஸ் தம்பிகள் இந்த இடத்தைக் கவனிக்கவும். கேம்கள் செயற்கைக்கோள் வழியாக ஊர் ஊராக உள்ள கேபிள் நிலையங்களுக்குப் போகும். அங்கிருந்து ஒயரில் இடைவிடாமல் சுற்றிச் சுற்றி ஒலிபரப்பாகிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருக்கும் அடாப்டர் எந்தக் கேமையும் 'அனுப்பு' என்று கேட்பதில்லை. அதற்குக் கேட்க வாயும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நம் நம்பர் பஸ்ஸுக்காக நிற்பது மாதிரி, வேண்டிய கேம் சுற்றி வரும்வரை காத்திருந்து, வந்ததும் பிடித்துத் தன் 4 மெகாபைட் நினைவகத்தில் போட்டுக்கொள்ளும். ஒரு லட்சம் பேர் ஆடினாலும் ஒலிபரப்புச் செலவு ஒன்றுதான். அந்தக் காலத்து ஒருவழி ஒயரை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையான பொறியியல்!

ஆனால் கன்சோலை அணைத்தால் கேம் போய்விடும். மாதம் முடிந்தால் பட்டியலும் மாறும்.

கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டு மாதத்துக்கு 179.40 டாலர், இணைப்போடு சேர்த்து முதல் வருஷம் 204.40. ஒரு புது கார்ட்ரிட்ஜ் 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு கார்ட்ரிட்ஜ் விலை. வருஷத்துக்கு ஐந்தாறு கேம் ஆடுகிற பையனுக்கு லாபம். ஒரே கேமை வருஷம் முழுக்க ஆடுகிறவனுக்கு நஷ்டம். அந்த நாலு கார்ட்ரிட்ஜையும் வாங்கியவன் இன்றுகூட அவற்றைச் செருகி ஆடலாம், விற்கவும் செய்யலாம். உச்சத்தில் சுமார் 2,50,000 சந்தாதாரர்களைத் தொட்ட சேகா சேனல் 1998 ஜூலை 31-ஆம் தேதி மூடப்பட்டது. சந்தாதாரர்கள் கையில் மிஞ்சியது, செருகினாலும் ஒன்றும் வராத ஓர் அடாப்டர்.

ஜப்பானில் ஒரு வானொலி ஆட்டம்

ஜப்பானில் நின்டெண்டோ 1995 ஏப்ரலில் சாட்டலாவியூ என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி நிலையம் கேம்களை ஒலிபரப்பியது. சிலவற்றைக் குறித்த நேரத்தில்தான் ஆட முடியும். நடிகர்களின் குரல் ரேடியோ நாடகம்போல் கூடவே நேரடியாக வரும். நேரம் தவறினால் போயிற்று, விவிதபாரதியில் பாட்டைத் தவறவிட்ட மாதிரி.

2000 ஜூன் 30-ஆம் தேதி அந்த ஒலிபரப்பு நின்றது. அதற்குப் பின் நடந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. அந்தச் சேவைக்கென்றே செய்த கேம்கள் கடையில் விற்கப்படவில்லை. ஆகவே அவற்றின் பிரதி எங்கும் இல்லை. ஆர்வலர்கள் பழைய நினைவகப் பெட்டிகளைத் தேடி வாங்கி, யாரோ அழிக்க மறந்த பதிவுகளிலிருந்து கேம்களை மீட்டுக்கொண்டு வருகிறார்கள். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த தமிழ்த் தாத்தா உ.வே.சா. நினைவுதான் எனக்கு வந்தது. ஒரு வித்தியாசம், சுவடிகள் நூற்றாண்டுகள் பழையவை. இவை என் வயதைவிடச் சிறியவை!

மேகத்தில் ஏறியவர்களும் இறங்கியவர்களும்

இன்டர்நெட் பரவியபின் சந்தா வேறு உருவம் எடுத்தது. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன், 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்றவற்றில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆடுவார்கள். அந்த உலகம் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இரவு பகலாக ஓட வேண்டும், அதற்குத்தான் சந்தா. வார்கிராஃப்டுக்கு 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள். அமெரிக்காவில் 2004-இல் மாதம் 14.99 டாலர், இருபது வருஷம் கழித்து 2024-லும் அதே 14.99. இது நியாயமான மெஸ் என்பேன். அடுப்பு எரிகிறது, காசு கேட்கிறார்கள்.

அடுத்து வந்தது கிளவுட். கேம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடும்; நம் வீட்டுக்குப் படம் மட்டும் வரும். ஆன்லைவ் 2010-இல் தொடங்கி 2015 ஏப்ரலில் மூடியது. கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியாவைத் தொடங்கி 2023 ஜனவரி 18-இல் மூடியது. கூகுளுக்கே கட்டுப்படியாகவில்லை. ஸ்டேடியா மூடியபோது ஒரு காரியம் நடந்தது. அந்தக் கடையில் கேம் விலைக்கு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாதச் சந்தா கட்டியவர்களுக்குக் கொடுக்கவில்லை. சாப்பிட்ட சாப்பாட்டுக்குப் பணம் எப்படித் திரும்பும்? ஆனால் வாங்குவதற்கும் சந்தாவுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

இரண்டிலிருந்து ஐந்துக்கு

இன்றைய கதை 2010-களில் ஆரம்பிக்கிறது. 2010-இல் சோனி பிளேஸ்டேஷன் பிளஸ்ஸைத் தொடங்கியது. வருஷத்துக்கு 49.99 டாலர். மாதம் சில கேம்கள்; சந்தா இருக்கும்வரை ஆடலாம். 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, பெரும்பாலான கேம்களை நண்பர்களோடு ஆன்லைனில் ஆடவே இந்தச் சந்தா வேண்டும் என்றார்கள். அதாவது சாப்பாட்டோடு வாசல் டிக்கெட்டும் சேர்ந்துகொண்டது. 2023 செப்டம்பரில் இதன் அடிப்படை வருஷச் சந்தா 79.99 டாலர்.

2014-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி மாதம் 4.99 டாலருக்கு ஈ.ஏ. ஆக்சஸ் என்ற சந்தாவை எக்ஸ்பாக்ஸில் தொடங்கியது. சோனி அதைத் தன் கருவியில் அனுமதிக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அது கொடுத்த காசுக்கு மதிப்பாக இருக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2019-இல் அதே சந்தா பிளேஸ்டேஷனிலும் வந்துவிட்டது. ஆகவே தம்பிகளே, மதிப்பு எது என்று விற்கிறவரிடம் கேட்கக் கூடாது.

2017 ஜூன் 1-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸைத் தொடங்கியது. மாதம் 9.99 டாலர், நூறுக்கும் மேற்பட்ட கேம்கள். 2018-லிருந்து மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கேம்கள் வெளியாகும் முதல் நாளே சந்தாவில் கிடைத்தன. அதே 9.99-க்கு! அந்த வருஷக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 119.88 டாலர். ஒரு பெரிய புதுக் கேம் அப்போது 59.99, இரண்டு வாங்கினால் 119.98. வருஷத்துக்கு இரண்டே இரண்டு புதுக் கேம் ஆடினால் கணக்கு நேர். மூன்றாவதிலிருந்து எல்லாம் லாபம். தலைவாழை இலை போட்டு மூன்று ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட மாதிரி. 2024 பிப்ரவரியில் 3 கோடியே 40 லட்சம் சந்தாதாரர்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு பில் ஏற ஆரம்பித்தது. எல்லாம் அடங்கிய அல்டிமேட் திட்டம் 2019-இல் 14.99 டாலர், 2023-இல் 16.99, 2024-இல் 19.99; 2025 அக்டோபரில் ஒரே தாவலாக 29.99. குறைந்த விலைத் திட்டங்களும் இருந்தன. ஆனால் கன்சோலில் புதுக் கேம்களை முதல் நாளே ஆட 2025 அக்டோபரில் அல்டிமேட் வேண்டியிருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு 359.88 டாலர். புதுக் கேம் விலையும் இதற்குள் 69.99 ஆகிவிட்டது. ஐந்து கேம் வாங்கினால் 349.95. மீதி 9.93 டாலருக்குக் காபி சாப்பிடலாம்.

அதாவது 2018-இல் இரண்டு கேம் ஆடினால் போதும் என்றிருந்த கணக்கு, 2025-இல் ஐந்தைத் தாண்ட வேண்டும் என்றாகிவிட்டது. பெரிய கேம் ஒன்றை முடிக்க நாற்பது ஐம்பது மணி நேரம் ஆகும். வேலை, குடும்பம், வீட்டுக் கடன், முழங்கால் வலி இத்யாதிகளோடு வருஷத்துக்கு ஐந்து பெரிய கேம் ஆடி முடிக்கும் முப்பத்தாறு வயதுக்காரர் யாராவது நம் பேட்ச்சில் இருந்தால் கை தூக்கவும். மேடையில் பொன்னாடை போர்த்துவோம்.

மேலும், இந்தக் கணக்கு புதுக் கேமை முதல் நாளே வாங்குகிறவருக்கு. ஒரு வருஷம் பொறுத்தால் பெரும்பாலான கேம்கள் தள்ளுபடிக்கு வந்துவிடும். டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்து விற்கலாம். இரண்டையும் சேர்த்தால் சந்தா ஜெயிப்பது இன்னும் கடினம்.

வாங்கினால் மட்டும் சொந்தமா?

இங்கே ஒரு நேர்மையான குறுக்குக் கேள்வியும் உண்டு. "வாங்கிய கேம் மட்டும் நம்முடையதா அண்ணா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமை மக்கள் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனால் அது கம்பெனியின் சர்வர் இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்கள் கையில் இருந்தது தட்டை வடிவில் ஒரு பிளாஸ்டிக். இதை எதிர்த்து எழுந்த இயக்கம், விற்ற கேமை ஆட முடியாதபடி கைவிடக் கூடாது என்று கேட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டல் கடைகள் வெறும் உரிமத்தை விற்றுவிட்டு 'வாங்குங்கள்' என்று மட்டும் போட முடியாது, நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வரலாற்று ரீதியாகவும் நிலைமை நன்றாக இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. இவ்வளவு காலம் அவற்றைக் காப்பாற்றியது யார்? பெரும்பாலும் பழைய கார்ட்ரிட்ஜையும் டிஸ்க்கையும் பரணில் போட்டு வைத்த சாதாரண மனிதர்கள்தான். சந்தா மட்டுமே இருக்கும் உலகில் பரணில் போட ஒன்றும் இருக்காது.

என் பாஸ்புக்

ஊர்க் கணக்கையெல்லாம் சொல்லிவிட்டு என் கணக்கை மறைத்தால் தப்பு. மகள் கேட்ட அன்று இரவு வங்கிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு மாதம் சந்தா கட்டியிருக்கிறேன். அதில் ஒன்பது மாதம் கன்சோலைத் தொட்ட ஞாபகமே இல்லை. புராஜெக்ட் டெலிவரி, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், மகளுக்குப் பரீட்சை. காசு மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறது. நம் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து, இப்படித் தானாகப் போகும் தொகைக்கு ஒரு நாள் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. தகவலும் ஒவ்வொரு மாதமும் வந்திருக்கிறது. படிக்காதது நான்தான். மெஸ் ரிடக்ஷனுக்கு எழுதிக் கொடுக்காமல் பஸ் ஏறிய அதே ஆள், பதினைந்து வருஷத்தில் கொஞ்சமும் திருந்தவில்லை!

மீதிப் பதின்மூன்று மாதம்? அது லாபம்தான், மறுக்க மாட்டேன். கடையில் பார்த்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்கிற சின்னச் சின்னக் கேம்களை ஆடினேன். அந்தக் குட்டி மிருகக் கேமையே அப்படித்தான் கண்டுபிடித்தோம். சந்தாவின் நிஜமான பலம் அங்கே இருக்கிறது. எதைப் பிடிக்கும் என்று தெரியாதவனுக்கு எல்லாவற்றையும் ருசி பார்க்க விடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. மாணவர்கள், லீவு நாட்கள், புதுக் கருவி வாங்கிய முதல் சில மாதங்கள், வீட்டில் நாலு பிள்ளைகள் என்றால் சந்தா நல்ல பேரம். சேருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், செமஸ்டர் தொடங்கினால் ரத்து செய்யுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கேம் ஆடும் என்னைப் போன்றவர்களுக்கு அது நஷ்டம். மனசுக்குப் பிடித்த கேம் எதுவோ, அதை மட்டும் எப்படியாவது விலைக்கு வாங்கிவிடுங்கள். இன்டர்நெட் இல்லாமலும் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள். இன்றைய விலையை நம்பி நாளைக்குத் திட்டம் போடாதீர்கள். 1981-லிருந்து வந்த சேவைகளில் பல மூடிவிட்டன. நின்றவற்றில் பல விலையை ஏற்றிவிட்டன.

மகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "நாம கட்டினது வாடகைடா கண்ணு. அவங்க வீட்டுச் சாமானை அவங்க எடுத்துட்டாங்க" என்றேன். "அப்போ வாங்கிடலாம்" என்றாள். வாங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி வீடு போய்ச் சேர்ந்தது. சந்தாவை ரத்து செய்துவிட்டேன்.

ஒரு சிடி

கடைசியாக ஒன்று. 2008-இல் எங்கள் அறையில் நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் ஒரிஜினல் வாங்கினோம். (மற்ற கேம்களெல்லாம் எப்படி வந்தன என்று ஆசிரியர்கள் முன்னிலையில் கேட்காதீர்கள்.) நாலு பேருக்கு ஒரே அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ஒருவன் செத்தால் அடுத்தவன் உட்கார வேண்டும் என்று விதி. 2010-இல் கல்லூரியை விட்டுப் போகும்போது டிராஃப்டர் மாதிரியே அதையும் ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போனோம். மறந்தும் போனோம்.

போன சந்திப்பில் 2014 பேட்ச் தம்பி ஒருவன் என்னைத் தேடி வந்து, "அண்ணா, இது உங்க ரூம்லேர்ந்து வந்ததுன்னு சொன்னாங்க" என்று ஓர் உறையை நீட்டினான். அதே கேம். உறையின் உட்புறம் எங்கள் நாலு பேர் பெயர். அதற்குக் கீழே இன்னும் பதினொரு பெயர்கள், அறை எண்களோடு. எங்கள் நாலு பேரின் காசில் பதினைந்து பேர் ஆடியிருக்கிறார்கள். ஆளுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தேன். டிவைடிங் சிஸ்டத்தில்கூட இவ்வளவு குறைவான பில் எனக்கு வந்ததில்லை.

என் புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை என்பது வேறு விஷயம். ஆகவே விடுதித் தம்பி தங்கைகளுக்கு ஓர் அறிவிப்பு: சந்திப்பு நாளன்று அந்த சிடியை எடுத்து வருகிறேன். டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளவும். சந்தா கிடையாது. உறையில் பதினாறாவதாக உங்கள் பெயரை எழுதிவிட்டு, படித்து முடித்துப் போகும்போது அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.